அப்பாவின் போனுக்கு இன்னும் விஷயம் தெரியாது

அந்தச் சின்ன மேகத்தைப் பார்த்தாலே ராகினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வானத்தில் இருக்கும் மேகம் இல்லை. கணினித் திரையின் கீழ் மூலையில் இருக்கும் மேகம். அதற்குள் இரண்டு நீல அம்புகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றும். சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு வாரமாக இதே கூத்துதான்.

அந்தச் செயலியின் பெயர் மேகப்பெட்டி. அப்பாவின் போனில் படம் எடுத்தால் அது தானாகவே வீட்டுக் கணினிக்கும் வந்துவிடும் என்று விளம்பரத்தில் சொன்னார்கள். வந்துவிடும்தான். எப்போது வரும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை எடுத்த படம் வியாழக்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை எடுத்தது அதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. சில படங்கள் ஒன்றுக்கு இரண்டாக வந்தன. சில படங்கள் எங்கே போயின என்று மேகத்துக்கே தெரியவில்லை.

"ஐயோ அம்மா, இங்க வந்து பாருங்களேன்! ஒரே படத்தை ரெண்டு ரெண்டா போட்டு வெச்சிருக்கு. எதை வெச்சுக்கிறது, எதை அழிக்கிறதுன்னே தெரியல" என்று ராகினி தினமும் புலம்புவாள்.

"மேகம்னா அப்படித்தான். பெய்யணும்னு நினைச்சாத்தான் பெய்யும்" என்பார் அம்மா, முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே.

சரி, எதற்காக இத்தனை படங்கள்? அதைச் சொல்லாமல் மேலே போனால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள்.

ராகினியும் அவள் தோழி திலகாவும் புலாவ் செபாங் ஊருக்குப் பக்கத்தில் ஒரே தாமானில், அதாவது ஒரே குடியிருப்பில், வசிக்கிறார்கள். ஒரே தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் தாமான் மண்டபத்தில் ஓர் ஒன்றுகூடல் நடக்கும். அதில் படமாகக் காட்டுவதற்காக இருவரும் மண்டபத் தரையில் வண்ண அரிசிக் கோலம் போட்டார்கள். சும்மா போடவில்லை. ஒரு பிடி அரிசியைத் தூவுவது, ஒரு படம் எடுப்பது. இன்னொரு பிடி, இன்னொரு படம். எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டி வேகமாக ஓட்டினால், யார் கையும் படாமல் கோலம் தானாகவே வளருவது தெரியும். அப்படி நானூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள்.

கோலத்தின் நடுவில் ஒரு மயில். அது தோகையை விரிக்கும் இடம்தான் படத்திலேயே அழகான இடம். அந்த மயில் முழுக்க முழுக்கத் திலகாவின் கைவேலை. முட்டி வலிக்க வலிக்க உட்கார்ந்து போட்டாள்.

"எங்கம்மாகிட்ட சொல்லிடாதே. படத்துல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்" என்று ராகினியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

திலகாவின் அம்மா சுசீலா ஆன்ட்டிக்கு ஆயர் குரோவில் பேக்டரி வேலை. மாறி மாறி ஷிப்ட். கோலத்தை நேரில் வந்து பார்க்க அவரால் முடியவே இல்லை. அதற்குள் பூப்பந்து விளையாட வந்தவர்கள் மண்டபத்தைக் கூட்டிவிட்டார்கள். மயிலும் தோகையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போய்ச் சேர்ந்தன. இனிமேல் அந்த மயில் இருப்பது படத்தில் மட்டும்தான். பிள்ளைகள் எடுத்த படத்தைப் பார்ப்பதற்காகவே ஆன்ட்டி கெஞ்சிக் கூத்தாடி, ஒன்றுகூடல் நடக்கும் சனிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை இரவுதான் நீல அம்புகள் சுற்றுவதை நிறுத்தின. பச்சை நிறத்தில் ஒரு 'சரி' அடையாளம் வந்தது. அப்பாடா! இரட்டைப் படங்களும் சேர்ந்துதான் வந்திருந்தன. வந்தால் வரட்டும். காலையில் எழுந்து வரிசைப்படுத்தி ஒட்டினால் வேலை முடிந்தது என்று ராகினி நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலை பல் துலக்கியதும் துலக்காததுமாகக் கணினியைத் திறந்தாள். 'கோலம்' என்று பெயரிட்ட கோப்புறையைத் தட்டினாள்.

உள்ளே ஒரே ஒரு படம் இருந்தது.

மூலையில் இருந்த மேகம் பச்சையாகச் சிரித்தது. 'அனைத்தும் சரியாக உள்ளது' என்றது.

"அம்மா!"

அம்மா சமையலறையிலிருந்து வந்தார். கையெல்லாம் மாவு, முகமெல்லாம் பெருமை.

"பார்த்துட்டியா? எப்படி இருக்கு? காலையிலயே உட்கார்ந்து க்ளீன் பண்ணிட்டேன்லா!"

"எ... என்ன பண்ணீங்க?"

"தீபாவளி வருதுல்ல? சன்னல் லங்சீர்த் திரையெல்லாம் துவைச்சாச்சு, காத்தாடி துடைச்சாச்சு, அலமாரி மேல இருந்த பழைய டப்பாவெல்லாம் தூக்கிப் போட்டாச்சு. கம்ப்யூட்டர் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? நீதான் ஒரே படம் ரெண்டு ரெண்டா வருதுன்னு அழுதுக்கிட்டே இருந்தியே. திறந்து பார்த்தா ரெண்டா இருக்கு? நூத்துக்கணக்குல, எல்லாம் அதே கோலம்! இருக்கிறதுலயே முழுசா, அழகா இருந்ததைப் பார்த்து ஒண்ணை வெச்சுக்கிட்டு மிச்சத்தைப் போட்டுட்டேன்."

ராகினி அந்த ஒற்றைப் படத்தை மறுபடியும் பார்த்தாள். அம்மாவையும் குறை சொல்ல முடியாது. அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவில் ஒரு பிடி அரிசிதான் வித்தியாசம். யார் பார்த்தாலும் ஒரே படம் என்றுதான் சொல்வார்கள்.

"குப்பைத்தொட்டியில இருக்கும்" என்று அவசர அவசரமாகத் தேடினாள்.

"அதையும் காலி பண்ணிட்டேன். மேகத்துக்குள்ள தனியா ஒரு தொட்டி இருந்துச்சு, அதையும்தான். நல்ல நாளும் அதுவுமா குப்பையை யாராவது வீட்டுல வெச்சிருப்பாங்களா?"

"நிரந்தரமா அழிக்கவான்னு கேட்டிருக்குமே!"

"கேட்டுச்சு. ஆமான்னேன்." அம்மாவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "ஏன்மா? ஏன் ஒரு மாதிரி பார்க்கிறே?"

ராகினியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. படத்தைக் கொண்டுவர ஒரு வாரம் இழுத்தடித்த மேகம், அழிக்கச் சொன்னதும் கண்ணை மூடித் திறப்பதற்குள் அழித்துவிட்டதே! இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது இவ்வளவு சுறுசுறுப்பு?

"அது ஒரே படம் இல்லம்மா. ஒவ்வொண்ணும் வேற. எல்லாம் சேர்ந்தாத்தான் மயில் தோகையை விரிக்கும்" என்று விக்கி விக்கிச் சொன்னாள்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ கடவுளே! என்ன காரியம் பண்ணிட்டேன் நான்! சுசீலா வேற ஷிப்ட் மாத்திக்கிட்டு வர்றாளே. அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

ராகினிக்கு அம்மா மீது கோபம் கோபமாக வந்தது. நன்றாகக் கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தாள். மாவுக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"விடுங்கம்மா. படம் எடுத்தது அப்பா போன்லதானே..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

அதுவும் பிரயோசனமில்லை. மேகப்பெட்டியில் இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். போன மாதம் ராகினி தெரியாத்தனமாகக் கணினியில் ஒரு படத்தை அழித்தாள். அப்பா ஆசை ஆசையாக எடுத்து வைத்திருந்த மீன் படம் அது. அவர் போனிலிருந்தும் காணாமல் போய்விட்டது. 'நான் புடிச்ச மீன் எங்கே?' என்று அவர் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்கும் அப்பாவைக் கேட்டுப் பார்ப்போம்." அம்மா அப்பாவை அழைத்தார். காதில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "லைன் இல்ல. விடியறதுக்கு முன்னாலேயே தோட்டத்துக்குள்ள போயிட்டாரு."

ராகினியின் அப்பா வசந்தன், செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போவார். செம்பனை மரங்களுக்கு நடுவே போய்விட்டால் எந்தப் போனுக்கும் உயிர் இருக்காது.

ராகினி மேசை மீது தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அடுத்த நொடியே துள்ளி எழுந்தாள்.

"அம்மா, அப்பா போனப்புறம் அழிச்சீங்களா, அதுக்கு முன்னாலயா?"

"போனப்புறம்தான். நீ தூங்கிக்கிட்டு இருந்தே."

"அப்படின்னா அப்பா போனுக்கு இன்னும் விஷயம் தெரியாது!"

"எந்த விஷயம்?"

"நீங்க அழிச்ச விஷயம்லா! மேகம் போய்ச் சொன்னாத்தானே அந்தப் போன் அழிக்கும்? தோட்டத்துலதான் லைன் இல்லையே, எப்படிச் சொல்லும்? படம் அத்தனையும் அப்பா சட்டைப் பையில பத்திரமா இருக்கு. ஆனா லைன் கிடைச்சா போச்சு. ஒண்ணு விடாம துடைச்சிடும்!"

அம்மா சட்டென்று எழுந்தார். "இன்னிக்குச் சனிக்கிழமை, அரை நாள் வேலை. சீக்கிரமே லோடு ஏத்திக்கிட்டு வெளிய வந்துடுவாரே. ஹெல்மெட்டை எடு!"

அம்மா மோட்டார் ஓட்டினால், சைக்கிளில் போகிற பிள்ளைகள்கூட முந்திக்கொண்டு 'ஹாய் ஆன்ட்டி' என்று கையசைத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அம்மா வேறு ஆளாக இருந்தார். கைப்பிடி முழுக்க மாவு ஒட்டிக்கொள்ள, மோட்டார் பறந்தது. மேட்டில் ஏறியது. வளைவில் சாய்ந்தது. ராகினி அம்மாவின் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"எல்லாரும் லைன் கிடைக்கணும்னு போனைத் தூக்கிக்கிட்டு அலைவாங்க. நாம மட்டும்தான்டி கிடைக்கக்கூடாதுன்னு ஓடுறோம்!" என்று அம்மா காற்றில் கத்தினார். ராகினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தோட்டத்து வாசலில் ஒரு காவல் கொட்டகை உண்டு. அங்கே காவலுக்கு இருப்பவர் காந்தன் அண்ணன். மடியில் போனை வைத்துக்கொண்டு எதையோ கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அப்பா லோரி வெளிய போயிடுச்சா?" என்று ராகினி மூச்சு வாங்கக் கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா. இப்பதான் உள்ள சத்தம் கேட்குது. வந்துடும்."

அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். நல்லவேளை! பெரிய சாலைக்குப் போனால்தானே லைன் கிடைக்கும். இங்கே கிடைக்காது. அப்படியென்றால்...

ராகினி காந்தன் அண்ணனின் போனைப் பார்த்தாள். அதில் ஒரு பெண் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். படம் கொஞ்சமும் தடங்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, உங்க போன்ல எப்படி லைன் வருது?"

"அதுவா? கொட்டகைக்கு வைஃபை போட்டுட்டாங்கலா!" காந்தன் அண்ணன் பெருமையாகச் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு வெள்ளைப் பெட்டி விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. "உங்கப்பா போன்லயும் நேத்து நான்தான் பாஸ்வர்ட் போட்டுக் கொடுத்தேன். இனிமே லோரி வாசல்கிட்ட வந்தாலே போதும், தானா ஒட்டிக்கும்!"

"ஐயோ! அதை அடைங்கண்ணே! சீக்கிரம் அடைங்க!"

"அடைக்கிறதா? நல்லா இருக்கே கதை! பாகு இப்பதான் பதத்துக்கு வருது. போன வருஷம் நான் சுட்ட அதிரசத்தைச் சுத்தியல் வெச்சு உடைச்சாங்க என் வீட்டுல."

மரங்களுக்கு நடுவே லோரி உறுமும் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. செம்மண் புழுதி எழுந்தது.

"காந்தா, பாகுப் பதம் நான் சொல்லித் தர்றேன். இந்தக் கையால எத்தனை வருஷமா அதிரசம் சுடுறேன்! முதல்ல அதை அடைப்பா!" என்றார் அம்மா.

காந்தன் அண்ணன் அரை மனதோடு எழுந்து மின்கம்பியைப் பிடுங்கினார். வெள்ளைப் பெட்டியின் விளக்கு அணைந்தது. லோரியின் மூக்கு வளைவில் எட்டிப் பார்த்தது.

வாசலில் மாவுக் கையோடு மனைவி, ஹெல்மெட்டோடு மகள். அப்பா பதறிப்போய் லோரியை நிறுத்தினார். "என்னாச்சு? யாருக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே, பழக்கத்தில் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"போனைத் தொடாதீங்க!" என்று அம்மாவும் மகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். ராகினி லோரிப் படியில் தாவி ஏறி, அவர் பையிலிருந்து போனை எடுத்தாள். முதல் வேலையாகச் சின்ன விமானப் படத்தைத் தட்டினாள். இனி எந்த லைனும் அதை நெருங்க முடியாது. பிறகுதான் படங்களைத் திறந்தாள்.

கோலம். கோலம். கோலம். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. மயிலின் முதல் இறகு, இரண்டாவது இறகு, கடைசி இறகு.

"இருக்கும்மா! எல்லாம் இருக்கு!"

அம்மாவும் லோரிப் பக்கம் வந்தார். "நான்தாங்க எல்லாத்தையும் அழிச்சுத் தொலைச்சேன்" என்றார் அப்பாவிடம்.

"அம்மா எனக்கு ஒத்தாசை பண்ணத்தான் நினைச்சாங்கப்பா. ரெண்டு ரெண்டா வருதுன்னு நான்தான் புலம்பிக்கிட்டே இருந்தேன். எது வேணும், எது வேணாம்னு நான் சொல்லவே இல்லையே" என்றாள் ராகினி.

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அது சரி, நான் இப்பவாச்சும் கையைக் கீழ போடலாமா?" என்றார்.

அப்பாவின் போனோடு வீட்டுக்குத் திரும்பியபோது திலகா வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ராகினி ஒன்றுவிடாமல் சொன்னாள். திலகாவின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு மலர்ந்தது. இருவருமாகக் கணினியில் மேகப்பெட்டியை நிறுத்திவைத்தார்கள். வீட்டு வைஃபையையும் அடைத்தார்கள். போனுக்கும் கணினிக்கும் நடுவே ஒரு சாதாரணக் கம்பியைச் சொருகினார்கள். அம்புகள் சுற்றவில்லை. படங்கள் சரசரவென்று இறங்கி, பத்திரமாக வேறொரு கோப்புறையில் போய் உட்கார்ந்தன. ராகினி அவற்றை ஒரு பென்டிரைவிலும் போட்டு வைத்தாள். பிறகு இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டி முடித்தார்கள்.

"நான் எதையும் தொடலம்மா" என்று அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றே பார்த்தார்.

மாலையில் மண்டபம் நிரம்பிவிட்டது. வெள்ளைத் துணியில் படம் ஓடியது. வெறும் தரை. ஒரு புள்ளி. ஒரு பூ. கையே படாமல் கோலம் வளர்ந்தது. மயில் கழுத்தை நீட்டியது. தோகையை ஒவ்வோர் இறகாக விரித்தது. பிள்ளைகள் "வாவ்!" என்று கத்தினார்கள். கைத்தட்டல் ஓயவே இல்லை.

திலகா மட்டும் கைத்தட்டவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா இன்னும் வரவில்லை.

நிகழ்ச்சியை நடத்தும் தங்கராஜு அங்கல், "அடுத்து நடனம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். சரியாக அந்த நேரத்தில் பேக்டரிச் சட்டையோடு சுசீலா ஆன்ட்டி ஓடி வந்தார்.

"சிம்பாங் அம்பாட்ல ஒரே ஜாம். முடிஞ்சிருச்சா?"

திலகா தலையைக் குனிந்துகொண்டாள். ராகினி ஒரே ஓட்டமாக மேடைக்குப் போனாள்.

"அங்கல், படத்தை இன்னொரு தடவை போடணும்."

"ஏன்மா? நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஓடுச்சு அங்கல். பார்க்க வேண்டியவங்க இப்பதான் வந்தாங்க."

தங்கராஜு அங்கல் வாசலைப் பார்த்தார். நடனமாட வந்த பிள்ளைகளைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். ராகினியின் அம்மா தன் பக்கத்து நாற்காலியைக் காலி செய்து சுசீலா ஆன்ட்டியைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். விளக்குகள் அணைந்தன.

மறுபடியும் வெறும் தரை, புள்ளி, பூ. மறுபடியும் மயில் தோகையை விரித்தது. கடைசியில் வெள்ளை எழுத்தில் 'மயில்: திலகா' என்று வந்து நின்றது.

சுசீலா ஆன்ட்டி அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். திலகாவை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த ராகினியின் அம்மாவைத் தட்டினார்.

"பவானேஸ்வரி, பார்த்தியாலா? இது என் மக போட்ட மயில்!"

அந்த மயிலுக்காகக் காலையில் மாவுக் கையோடு தோட்டம் வரைக்கும் பறந்தவர், அப்போதுதான் கேள்விப்படுபவராகக் கண்ணை அகல விரித்தார்.

"அப்படியா சுசீலா! எனக்குத் தெரியவே தெரியாதே!"